தரை டிக்கெட்டைக் கொன்றவர் யார்?



மதுரை மாநகரில் தங்கம் என்றொரு படமாளிகை இருந்தது. இருந்தது என்றுதான் எழுத வேண்டும், இன்று இல்லை. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 17, தீபாவளியன்று, 'பராசக்தி' படத்தோடு அதன் கதவுகள் திறந்தன. 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள்! ஆசியாவிலேயே பெரிது என்று மதுரைக்காரர்கள் மார்தட்டினர். அளந்து பார்த்துத்தான் சொன்னார்களா என்று கேட்க வேண்டாம். ஊர்ப்பற்றுக்கு அளவுகோல் ஏது? 1990களில் அங்கே விளக்கணைந்தது. நெடுநாள் பாழடைந்து கிடந்தது. பின்னர் இடித்தார்கள். நீதிமன்றக் காட்சியின் அனல் பறக்கும் உரையாடலுக்கு மக்கள் ஆரவாரித்த அதே மண்ணில், இன்று ஜவுளி மாளிகை நிற்கிறது. சேலை வாங்குகிறார்கள். வாங்கட்டும்! சேலை வாங்குவோர் மீது நமக்கென்ன சினம்?

சினம் வேறு இடத்தில் வருகிறது. ஒவ்வோர் அரங்கம் இடிபடும்போதும் ஒரு கூட்டம் ஒப்பாரி வைக்கிறது. கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் எழுப்பிய வெரைட்டி ஹால், பிற்காலத்தில் டிலைட் ஆகி, அண்மை ஆண்டுகளில் தரைமட்டமான போதும் அழுதார்கள். சென்னையில் சிவாஜி கணேசன் குடும்பத்தாரின் சாந்தி, 1961இல் பிறந்து 2016இல் மூடியபோதும் அழுதார்கள். "எங்கள் இளமையே போயிற்றே!" என்று ஏடுகளில் எழுதினார்கள். எழுதி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தீர்ப்பும் வழங்கினார்கள்: "மக்கள் மாறிவிட்டார்கள், தொலைக்காட்சி வந்தது, கைப்பேசி வந்தது, யார் வருவார்கள் கொட்டகைக்கு?"

ஆக, குற்றவாளி மக்கள்! கொலையுண்டவனையே கூண்டில் ஏற்றும் இந்த வழக்கறிஞர்களோடுதான் இன்று எனக்கு வாதம்.

இடிந்த சுவருக்காக நான் அழமாட்டேன். செங்கல்லும் சுண்ணாம்பும் செத்ததாக எங்கும் கேட்டதில்லை. செத்தது வேறொன்று, அதற்குத் தரை டிக்கெட் என்று பெயர். அது செத்த கதையை எழுதத்தான் ஆளில்லை. ஏன் தெரியுமா? ஒப்பாரி வைப்போரில் பலர் மாடியில் அமர்ந்து பார்த்தவர்கள்.

தாமிரவருணிக் கரைத் தோழர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். நம் பக்கத்துச் சிற்றூர்களில் முதலில் வந்தது கூடாரக் கொட்டகை. ஓலை அல்லது கித்தான் கூரை, சுற்றிலும் தட்டி, நடுவே ஆற்று மணல். தற்காலிக உரிமம், காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும், இல்லையேல் பிரித்துக்கொண்டு அடுத்த ஊருக்கு நடைகட்ட வேண்டும். தரை, பெஞ்சு, நாற்காலி என்று வகுப்புகள். முன்னால் அமர்ந்தவர் தலை மறைத்தால் மணலைக் கூட்டி மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்துகொள்வோம். அவர் திரும்பிப் பார்த்து முறைத்துவிட்டுத் தாமும் மணலைக் கூட்டுவார். படம் முடிவதற்குள் தரையெங்கும் சிறு சிறு தேரிகள்! தேரிக்காட்டுக்குப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அது ஒன்றும் விந்தையன்று. ஒரே எந்திரம், சுருள் மாற்றும்போது இருட்டு, இருட்டில் சீழ்க்கை. சந்திப்பிலும் டவுணிலும் ரத்னா, பார்வதி, பூர்ணகலா எனக் கல்லும் காரையும் கொண்டு எழுந்த மாளிகைகள் பெரிய ஊர்க்காரர்களுக்கு. நமக்கு மணல்.

அந்த மணலின் பெருமையை அறிய வேண்டுமானால், மணலுக்கு வெளியே என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு மண்கோட்டை. அதனுள்ளே கோட்டைப் பிள்ளைமார் குடும்பங்கள். அக்குடும்பத்துப் பெண்கள் மதிலுக்கு வெளியே கால் வைத்தலாகாது. வெளி ஆடவர் உள்ளே நுழைதலாகாது. கட்டுக்கதையன்று, கமலா கணேஷ் என்னும் ஆய்வாளர் இதைப்பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டிலும் நின்ற மதில் அது. அதே ஆற்றின் மேற்கே, சேரன்மாதேவி. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. 1924-25இல் நாடே கொதித்தது. நாட்டு விடுதலைக்கு வீரர்களை வளர்க்கப் புறப்பட்ட இடத்திலேயே சோற்றுக்குச் சாதி! புகைவண்டி நிலையங்களிலோ, சிற்றுண்டிச் சாலையில் பார்ப்பனருக்கு ஓர் அறை, மற்றவர்க்கு ஓர் அறை. பெரியார் கிளர்ந்தெழுந்த பின் 1941இல்தான் அது ஒழிந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோரும் நாடாரும் நுழைந்தது 1939 சூலை 8ஆம் நாள். அதற்கு ஒரு சட்டமும் வேண்டியிருந்தது.

சென்னையில் ரகுபதி வெங்கையா கெயிட்டி அரங்கத்தைக் கட்டியது 1914. தமிழ் பேசிய முதற்படமாகிய 'காளிதாஸ்' திரைக்கு வந்தது 1931 அக்டோபர் 31. (பிறவி ஊமை ஐந்தாம் அகவையில் பேசத் தொடங்கிய குமரகுருபரர் கதையைக் கேட்டு வளர்ந்த ஸ்ரீவைகுண்டத்துக்காரர்கள், ஊமைப்படம் பேசியதைக் கண்டு அதிகம் வியந்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கதையை நாம் நம்புகிறோமா என்பது வேறு செய்தி.) கணக்குப் பாருங்கள்! கோயில் வாயில் திறக்க இன்னும் எட்டாண்டு இருந்தது. கொட்டகை வாயில் காசுக்குத் திறந்து கிடந்தது. டிக்கெட்டு விற்றவன் என்ன சாதி என்று கேட்கவில்லை; என்ன வகுப்பு என்று கேட்டான். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் திரையரங்கமே, அங்கே இடம் கிடைத்தது பிறப்பால் அன்று, கொடுத்த காசால் என்று ஈழத்துப் பேரறிஞர் கா. சிவத்தம்பி எழுதினார். அதனை நம் தோழர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும்.

உடனே ஒருவர் எழுந்து கேட்பார்: "காசால் பிரிப்பது மட்டும் சமத்துவமோ?" அன்று! ஒருநாளும் அன்று. நாற்காலியில் பண்ணையாரும் மணலில் பண்ணையாளுமாகத்தான் அமர்ந்தார்கள். பெண்களுக்குத் தனிப் பக்கம். கருப்புச் சந்தையில் டிக்கெட்டு விற்றவனும் உண்டு. அவனுக்குப் பங்காளியாய் இருந்த கொட்டகைக்காரனும் உண்டு. இதையெல்லாம் மறைத்துப் பழைய கொட்டகையைப் பொன்னுலகமாக்குவோர் பொய்யர்கள். ஆனால் ஒன்று: சாதியை மாற்றிக்கொள்ள முடியாது, சில காசுகளைச் சேர்த்துவைத்தால் பெஞ்சுக்குப் போகலாம். பிறப்பின் பூட்டுக்குச் சாவியே இல்லை. காசின் பூட்டுக்குச் சாவி உண்டு, அது கிடைப்பது அரிதென்றாலும். மணலில் அமர்ந்தவன் அந்த வேறுபாட்டை அறிந்திருந்தான்.

அறிந்தவன் சும்மா இருந்தானா? கதை கேட்டான், கதையோடு அரசியலும் கேட்டான். 'தியாகபூமி' 1939இல் வந்தது. வெள்ளையர் ஆட்சி தடை விதித்தபோது கெயிட்டியில் கட்டணமின்றி இடைவிடாது காட்டினார்கள். காவலர் தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்தனர். 'பராசக்தி'யைத் தடைசெய் என்று ஆட்சியாளர் பக்கமிருந்தே குரல்கள் எழுந்தன. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959இல், 'கப்பலோட்டிய தமிழன்' 1961இல். பாஞ்சாலங்குறிச்சிக் கதையையும் தூத்துக்குடிக் கப்பலின் கதையையும், அக்கதை நடந்த மண்ணிலேயே, எழுதப் படிக்கத் தெரியாதவனும் பார்த்தான். கூத்தாடிகள் என்று ஏளனம் செய்தவர்கள் கோட்டையை இழந்தது 1967இல். அவர்களைத் தோற்கடித்த வாக்குகளில் தரை டிக்கெட்டுக்காரன் வாக்குகள் எத்தனை என்று எண்ணிச் சொல்ல யாராலும் ஆகாது. இல்லை என்று சொல்லவும் யாருக்கும் துணிவு வராது.

பழிதீர்த்தார்கள், சொல்லால்! 'தரை டிக்கெட்' என்பதை வசைச்சொல்லாக்கினார்கள். பண்பற்றவன், சத்தம் போடுபவன், சீழ்க்கையடிப்பவன் எல்லாம் 'தரை டிக்கெட்'. கற்றோர் நாவிலும் அச்சொல் தாராளமாய்ப் புரள்கிறது. வருந்துகிறேன், நம் மேடைகளிலும் கேட்டிருக்கிறேன். எந்த வகுப்பு நம்மைத் தோளில் தூக்கிற்றோ, அந்த வகுப்பின் பெயரை வைத்தே எதிரியைத் திட்டுகிறோம். என்னே நன்றி!

சரி, கொலை வழக்குக்கு வருவோம்.

தொலைக்காட்சி கொன்றதாம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கிற்று. தனியார் தமிழ் அலைவரிசை 1993இல் வந்தது. கூட்டம் குறைந்தது உண்மை. ஆனால் அதன் பின்னும் பண்டிகை நாளில் தெருவடைத்து நின்றார்களே, அவர்கள் வீட்டில் பெட்டி இல்லாதவர்களா? தொலைக்காட்சி காயப்படுத்தியது, உயிரை எடுத்தது வேறு.

படப்பெட்டியின் பயணத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு படத்துக்கு எண்ணி எடுத்த பிரதிகள். முதலில் பெருநகரம், சில வாரம் கழிந்து மாவட்டத் தலைநகர், பிறகு நம்மைப் போன்ற ஆற்றங்கரை ஊர்கள். 'ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர்' என்பது வணிகர் வழக்கு. நாம் மூன்றாம் வகுப்பு. பெட்டி வந்து சேர்வதற்குள் பாட்டெல்லாம் மனப்பாடம். கீறல் விழுந்த சுருள். திரையில் மழை பெய்யும். தாழ்வுதான். ஆனால் அந்த நெடும் பயணம் படத்துக்கு நீண்ட ஆயுளைக் கொடுத்தது. நூறாவது நாள் சுவரொட்டி என்பது அதன் பயன். 2005க்குப் பின் எண்முறைத் திரையிடல் பரவிற்று. பெட்டியில்லை, பயணமில்லை; எல்லா ஊரிலும் ஒரே நாளில் முதற்காட்சி. மகிழ்ந்தோம்! மூன்றாம் வகுப்பு ஒழிந்தது என்று நானும் மகிழ்ந்தேன். விளைவு? ஆயிரம் திரைகளில் ஒரே நேரத்தில் காட்டி, வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றே நாளில் போட்ட பணத்தை எடுக்கும் வணிகம் பிறந்தது. நூறு நாள் ஓடவேண்டிய படம் இரண்டு வாரத்தில் படுத்தது. மூன்று நாள் நிறைந்து, மற்ற நாளெல்லாம் காலியாகக் கிடக்கும் ஆயிரம் இருக்கைக் கொட்டகையை எப்படி நடத்துவது? எந்திரக் கூட்டாளிகள் கேட்கும் கட்டணம் வேறு. அந்தக் கட்டணத்தை யார் கொடுப்பது என்று படமுதலாளிகள் சண்டையிட்டு, 2018இல் மார்ச்சு முதல் ஏப்ரல் வரை ஒன்றரைத் திங்களுக்கும் மேலாகப் புதுப்படமே வரவில்லை. அந்தச் சண்டையில் முன்வரிசைக்காரன் பெயரை ஒருவரும் உச்சரிக்கவில்லை.

அடுத்தது நிலம். நகரின் நடுவே, பேருந்து நிற்கும் இடத்தருகே, அகன்ற மனை. 1950களில் அது கொட்டகைக்கு ஏற்ற இடம்; இன்று ஒவ்வோர் அடியும் பொன். நான்கு காட்சி ஓட்டி வரும் காசைவிட, கடைக்கு வாடகைக்கு விட்டால் வரும் காசு பெரிது. உடைமையாளன் கணக்குப் போட்டான். மக்கள் வரவில்லை என்றான். மூடினான், இடித்தான், விற்றான். அவன் வணிகன், தன் தொழிலைச் செய்தான். அவன் கணக்கை மக்கள் தலையில் எழுதிய அன்பர்களைத்தான் நான் கேட்கிறேன்.

வரிக்கும் பங்குண்டு. 2006இல் தமிழ்ப் பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு அளிக்கப்பட்டது. தமிழுக்கு வாழ்வு என்று வாழ்த்தினோம். தமிழுக்கு வந்த வாழ்வு தரை டிக்கெட்டுக்காரன் சட்டைப் பையை எட்டிற்றா? விலக்கு பெற்ற பெருமக்கள் டிக்கெட்டு விலையைக் குறைத்ததாக எந்த ஊரிலும் விழா எடுத்தார்களா? பிறகு 2017. சூலை முதல் நாள் தில்லி சரக்கு சேவை வரியைக் கொண்டுவந்தது: 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 28 விழுக்காடு. அதன்மேல் உள்ளாட்சி வரி 30 விழுக்காடு என்றது மாநிலம். கொட்டகைகள் சில நாள் கதவடைத்தன. பின்னர் உள்ளாட்சி வரி தமிழ்ப் படங்களுக்கு 8 விழுக்காடாயிற்று. கட்டணம் உயர்த்தப்பட்டது. பலதிரை மாளிகைகளிலும் முன்வரிசைகளைப் பத்து ரூபாய்க்கு விற்றாக வேண்டும் என்று அதுவரை இருந்த கட்டாயம், சத்தமில்லாமல் மறைந்தது. சுவரை இடித்தபோது ஊரே அழுதது. பத்து ரூபாய் வரிசை போனபோது ஒரு துளி விழவில்லை!

2025 செப்டம்பரில் மீண்டும் ஒரு சலுகை: 100 ரூபாய்க்கு உட்பட்ட டிக்கெட்டுக்கு வரி 12லிருந்து 5 விழுக்காடு. நல்லது. ஆனால் அந்த விலையில் டிக்கெட்டு எத்தனை இருக்கிறது? இல்லாத பிள்ளைக்குத் தொட்டில் செய்து என்ன பயன்?

ஒரு குடும்பத்தின் கணக்கைப் போடுவோம். ஆழ்வார்திருநகரியிலோ ஏரலிலோ வாழும் உழவுக் கூலியாள். மனைவி, இரு பிள்ளைகள். பலதிரை அரங்கில் 150 ரூபாய் உச்சவரம்பு என 2017இல் வகுத்தார்கள். வரிகளைச் சேர்த்தால் 180க்கு மேல். நால்வர்க்கு 720க்கு மேல். பேருந்துக் காசு தனி. ஊரக வேலைத் திட்டத்தில் 2025-26க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாட்கூலி 336 ரூபாய். இரண்டு நாள் வெயிலில் மண் சுமந்தாலும் மூன்று மணி நேரப் படத்துக்குப் போதாது. இடைவேளையில் பிள்ளை அழுதால்? அன்று முறுக்கும் கடலையும் தட்டில் வந்தன. வீட்டுப் பலகாரத்தை மடியில் கட்டிப் போனாலும் கேட்பாரில்லை. இன்று வெளியுணவு கூடாது என்று தடுக்க அரங்கத்தாருக்கு உரிமை உண்டென 2023 சனவரியில் உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது. தண்ணீர் மட்டும் இலவசமாகத் தரவேண்டுமாம். திரையரங்கம் தனியார் உடைமை என்பது அதன் காரணம். தனியார் உடைமைதான். சட்டம் அப்படி. நம் கேள்வி சட்டத்தைப் பற்றியதன்று.

காசிருந்தால் மட்டும் போதுமா? 2023 மார்ச்சு 30. சென்னையில் ஒரு திரையரங்கம். டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நரிக்குறவர் குடும்பத்தார் வாயிலில் நிற்கிறார்கள். உள்ளே விட மறுக்கிறார்கள். பார்த்தவர்கள் படமெடுத்து உலகுக்குக் காட்டி, எதிர்ப்பு எழுந்த பின்னரே உள்ளே விட்டார்கள். படத்தின் தணிக்கைச் சான்று குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்பது அரங்கத்தார் சொன்ன விளக்கம். நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். 1931இல் காசுக்குத் திறந்த வாயில் அது! காசு கொடுத்தவனைச் சாதி கேளாமல் உள்ளே விட்டதுதானே கொட்டகையின் ஒரே புகழ்? குளிரூட்டிய மாளிகை எழுந்து, பளிங்குத் தரை போட்டு, மணலைக் கூட்டித் தள்ளியபோது, அந்தப் புகழையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள்.

நம்மீதும் குற்றம் உண்டு, தோழர்களே. நடிகரின் அட்டைப் படத்துக்குக் குடங்குடமாய்ப் பால் ஊற்றியபோது சிரித்துக்கொண்டு கடந்தோம். விடியற்காலைச் சிறப்புக் காட்சிக்கு, வறியவன் பிள்ளை ஒரு வாரக் கூலியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அது அவன் விருப்பம் என்றோம். 2023 சனவரியில் அத்தகைய ஒரு கொண்டாட்டத்தில், ஓடும் லாரியில் ஏறி ஆடிய இளைஞன் விழுந்து மாண்டான். அதன் பிறகே விடியற்காலைக் காட்சிகளுக்கு இங்கே கட்டுப்பாடு வந்தது. மணலில் அமர்ந்து உலகைக் கற்றவனின் பேரன், திரைக்கு வெளியே நின்று பால்குடம் தூக்குகிறான். அவனை அங்கே விட்டது யார்?

"போகட்டும், இனி என்ன செய்ய முடியும்?" என்போர்க்குச் சில செய்திகள். அண்டை மாநிலம் கேரளத்தில், அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகமே கைரளி, ஸ்ரீ, நிளா என அரங்குகளை நடத்துகிறது. பிரான்சு நாட்டில், விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் 10.72 விழுக்காடு வரி எடுக்கிறார்கள். அது பொதுக் கருவூலத்தில் கரைவதில்லை, திரைத்துறைக்கென்றே உள்ள நிறுவனத்துக்குப் போகிறது, அங்கிருந்து சிற்றூர் அரங்குகளுக்கும் உதவியாய்த் திரும்புகிறது. நகராட்சிகளே நடத்தும் அரங்குகள் அங்கே உண்டு. கருநாடகம் 2025 செப்டம்பரில் 200 ரூபாய் உச்சவரம்பு விதித்தது. முதலாளிகள் நீதிமன்றம் ஏறினர், இடைக்காலத் தடை பெற்றனர். அந்த வழக்கிலிருந்து நாம் கற்க வேண்டியது, மேல்விலைக்கு மூடி போடுவது மட்டும் போதாது என்பது. கீழ்விலைக்கு இடம் ஒதுக்க வேண்டும்; பொதுவுடைமையாக அரங்கம் வேண்டும். உள்ளாட்சி வரி திரையரங்கப் பணம். அதில் ஒரு பங்கை அதற்கே எடுத்துவைத்தால் யார் தடுப்பார்?

பேரூராட்சிக்குச் சமுதாயக் கூடம் இருக்கிறது. திருமணமில்லா நாளில் பூட்டிக் கிடக்கிறது. எண்முறை எந்திரம் வந்தபின், படம் காட்ட ஆயிரம் இருக்கையும் வேண்டா, கரி எரியும் விளக்கும் வேண்டா. இருநூறு பேர் அமரும் கூடம் போதும். எந்தத் தொழில்நுட்பம் தங்கம் போன்ற பெருங்கொட்டகைகளைச் சாய்க்கத் துணைநின்றதோ, அதுவே சிறிய அரங்கத்தைச் சாத்தியமாக்கியும் இருக்கிறது. உரிம விதிகள் பெருங்கட்டடத்தை நினைத்து எழுதப்பட்டவை. அடிப்படைச் சட்டம் 1955ஆம் ஆண்டினது. தீப்பாதுகாப்பில் ஓர் எழுத்தும் குறையாமல், பொதுக்கூடங்களுக்கு எளிய உரிமம் வேண்டுமென்று சட்டமன்றத்தில் கேட்க நம்மிடம் ஆள் இல்லையா?

ஸ்ரீவைகுண்டம் வட்டத்துத் தோழர்கள் பேரூராட்சி மன்றத்துக்கு ஒரு தீர்மானம் எழுதுவதாகச் சொன்னார்கள். நகலைக் கண்டேன், 'குறைந்த கட்டணத்தில்' என்று மட்டும் எழுதியிருந்தது. அப்படி எழுதினால் 100 ரூபாயையும் குறைவென்பார்கள். முன்வரிசைக் கட்டணம் அரசு அறிவித்த நாட்கூலியில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்று திருத்துங்கள். 2025-26 கணக்கில் 33 ரூபாய் வரும். அந்த வரிசைக்கு வேறு அழகிய பெயர் தேட வேண்டாம். தரை என்றே எழுதுங்கள்.